பிரிக்காத பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்கு

பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வாங்கி அடுக்கி வைத்திருக்கும் அன்பர்களே,

உங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருப்பது என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்பிட்ஃபயர் விமானம் மூன்று, டைகர் டாங்கி இரண்டு, கட்டி முடிக்க ஒரு வருஷம் பிடிக்கும் என்று நீங்களே சொல்லிக்கொள்ளும் ஒரு போர்க்கப்பல். எதிலும் மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடக் கிழியவில்லை. கிட் வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, கட்டுவது வேறொரு பொழுதுபோக்கு என்று மாடல் கட்டுபவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பில் பாதி உங்களைப் பார்த்துத்தான்.

சேர்ப்பது குற்றமில்லை. தபால்தலை சேர்ப்பவரிடம் போய் அதை ஒட்டிக் கடிதம் போடு என்று யாரும் சொல்வதில்லை. பெட்டியின் மேல் இருக்கும் ஓவியத்துக்காகவே கிட் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்துக்கு 1964 முதல் 1974 வரை ராய் கிராஸ் வரைந்த படங்களில் கடல் கொந்தளிக்கும், என்ஜின் பற்றி எரியும், குண்டு பாயும். உள்ளே இருக்கும் சாம்பல்நிறத் துண்டுகளுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிரித்த பிறகுதான் தெரியும். ஓவியத்தை ரசிப்பவர் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். அவர் இதற்கு மேல் படிக்கவும் வேண்டாம்.

மற்றவர்களோடுதான் பேச்சு. ஏனென்றால் உங்களில் பெரும்பாலோர் சேர்ப்பவர்கள் அல்லர். என்றைக்காவது கட்டத்தான் போகிறீர்கள். கை இன்னும் பழகட்டும், நல்ல ஏர்பிரஷ் ஒன்று வாங்கியதும், அந்தக் குறிப்பிட்ட படைப்பிரிவின் சரியான பச்சை கிடைத்ததும், பணி ஓய்வு பெற்றதும். இந்தச் சாக்குகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே பயம்: இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் கெடுத்துவிட்டால்? இந்தத் தொழில் பிறந்த கதையைப் பார்த்தால் அந்தப் பயம் கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும்.

ஏர்ஃபிக்ஸை 1939இல் லண்டனில் தொடங்கிய நிக்கோலஸ் கோவ் ஹங்கேரியிலிருந்து வந்த அகதி. முதலில் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மை. பிறகு பிளாஸ்டிக் சீப்பு. மாடல் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனையாளர்களுக்கு விளம்பரமாகக் கொடுக்க ஒரு குட்டி டிராக்டர் செய்து தரச் சொன்னது. அதை ஆள் வைத்துக் கோத்துக் கொடுப்பதற்குச் செலவு கூடியது. துண்டுதுண்டாகவே விற்றுவிட்டால், வாங்குகிறவர்களே கோத்துக்கொள்வார்கள் அல்லவா? அந்த டிராக்டர் கிட்டாக உல்வொர்த் கடைகளுக்குப் போனது அப்படித்தான். அதாவது, நீங்கள் தொடப் பயப்படும் அந்தக் கோக்கும் வேலை, ஒரு முதலாளி கூலியை மிச்சப்படுத்த வாங்குபவர் தலையில் கட்டிய வேலை.

1952இல் ஃபிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பல் வந்தது. விலை 2 ஷில்லிங். வளைந்துபோகும் செல்லுலோஸ் அசிடேட்டை விட்டுவிட்டுப் பாலிஸ்டைரீனுக்கு மாறினார்கள்; அந்த விலைக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக, அட்டைப் பெட்டியைக் கைவிட்டுப் பாலிதீன் பையில் போட்டு, வாயை மடித்த காகிதத்தின் உட்புறத்திலேயே செய்முறையை அச்சடித்தார்கள். பையன்கள் சனிக்கிழமை வாங்கினார்கள், ஞாயிறு மாலைக்குள் மேசையிலும் விரலிலும் பசையை ஈஷிக்கொண்டு முடித்தார்கள். பாய்மரம் கோணலாக நின்ற கப்பல்கள் எத்தனையோ. அதனால் யாரும் கடைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. பிறகு ஸ்பிட்ஃபயரும் வந்தது.

அடுத்த பயம், அளவுச் சுத்தம். உண்மையான விமானத்தின் 72இல் ஒரு பங்கு என்றால் இறக்கை நுனிவரை அப்படியே இருக்க வேண்டும் என்ற பக்தி. இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பக்தி சற்றுத் தணியும். 72 என்பது அங்குலக் கணக்கின் சௌகரியம்: ஆறடிக்கு ஓர் அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மை ஆவான். 1930களிலேயே பிரிட்டனில் மர மாடல்களில் அது புழங்கியது. 1936இல் ஃப்ராக் நிறுவனம் 'பெங்குவின்' என்ற பெயரில் கொண்டுவந்த பிளாஸ்டிக் கிட்டுகளும் அதே அளவு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தை நிழலுருவம் பார்த்தே அடையாளம் காணத் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க, பள்ளி மாணவர்களை 5 லட்சம் மர விமானங்கள் செதுக்கித் தரச் சொன்னது. அதற்கும் 72தான். 35 அடி தூரத்தில் அந்தப் பொம்மையைத் தூக்கிப் பிடித்தால், கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் பறக்கும் நிஜ விமானம் போலத் தெரியும். பார்த்துச் சுட வேண்டுமா விட வேண்டுமா என்று தீர்மானிக்கும் வேலைக்கே பள்ளிப் பிள்ளைகளின் கைவேலை போதுமானதாக இருந்தது.

டாங்கிகளின் 35 இன்னும் சுவாரசியம். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் டாமியா குடும்பம் நடத்தியது மரம் அறுக்கும் ஆலை. 1946இல் தொடங்கி, 1951இல் தீப்பிடித்து, பிறகு மர மாடல்களை மட்டுமே நம்பி நின்றார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் வந்ததும் மரத்துக்கு மவுசு போனது. 1960இல் அவர்களும் பிளாஸ்டிக்கில் இறங்கி யமாத்தோ போர்க்கப்பலைக் கொண்டுவந்தார்கள். அதே நேரம் போட்டி நிறுவனம் ஒன்று அதே கப்பலைக் குறைந்த விலையில் இறக்க, டாமியாவும் விலையைக் குறைத்து நஷ்டப்பட்டது. உலகமே பெயர் சொல்லும் நிறுவனத்தின் முதல் பிளாஸ்டிக் கிட் கையைச் சுட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா, மோட்டாரில் ஓடும் ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்றை வடிவமைத்தார். மோட்டாருக்கு மின்கலம் வேண்டும். இரண்டு மின்கலம் உள்ளே அடங்கும் அளவுக்கு வண்டியின் உடலைச் செய்தார். அது நன்றாக விற்றது. அதே அளவில் அடுத்த டாங்கியும் செய்யலாம் என்று நினைத்தபோதுதான், நம் டாங்கி உண்மையானதில் எத்தனையில் ஒன்று என்று அளந்தே பார்த்தார். ஏறக்குறைய 35. இன்று உக்ரைனிலும் சீனாவிலும் டாங்கி கிட் செய்யும் நிறுவனங்கள் பின்பற்றும் அளவு, இரண்டு மின்கலங்கள் தீர்மானித்த அளவு.

இதனால் டாமியா துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே ஷுன்சாகு, அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கு நிறுத்தியிருந்த டாங்கிகளைப் பல கோணங்களில் படமெடுத்து வந்தவர். போர்ஷே 911 கார் ஒன்றை வாங்கி, மாடலுக்காக அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர். 2025இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் மாடல் கட்டுபவர்கள் வீட்டுப் பெரியவரை இழந்தது போல வருந்தினார்கள். அளவெடுக்கும் அவஸ்தையை அவர் ஏற்கெனவே பட்டுவிட்டார். அதே அவஸ்தையை நீங்கள் இரண்டாவது முறை படுவதற்காக அந்தப் பெட்டி மூடிக் கிடக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மாடலில் ஒவ்வோர் ஆணியும் உண்மையானதைப் போலவே இருக்கிறதா என்று பார்க்கும், ஆணித்தலை எண்ணுபவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. உங்களில் சிலருக்கு அவர்களைப் பார்த்தால் நடுக்கம். அவர்களுக்குப் பதில் சொல்லக் கணக்கே போதும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், 72இல் ஒன்றாக்கினால் 15.6 செ.மீ. அதன் மேலுள்ள 5 மி.மீ. ஆணித்தலை 0.07 மி.மீ. ஆகிவிடும், நோட்டுப் புத்தகத் தாளின் கனம்கூட இல்லை. தகடுகளின் நடுவே இருக்கும் கோடு அதைவிட மெல்லியது. பெட்டிக்குள் வரும் மாடலில் கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்றாலே அவை மிகைப்படுத்தியவை. எல்லா மாடலும் ஓரளவு கார்ட்டூன்தான். பிரிட்டனில் 1963இல் தொடங்கிய சர்வதேச பிளாஸ்டிக் மாடலாளர் சங்கத்தின் கிளைகள் பல நாடுகளில் போட்டி நடத்துகின்றன. அங்கே நடுவர்கள் கையில் டார்ச் விளக்கோடு குனிந்து முதலில் பார்ப்பது பச்சை சரியான பச்சையா என்பதை அல்ல. இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் கோடு தெரிகிறதா, இறக்கைகள் இரண்டும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா, சக்கரங்கள் தரையில் படிகின்றனவா. பொறுமையும் உப்புத்தாளும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலை அது.

சரி, பயம் போகவில்லை, காத்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கிட் காத்திருக்காது. பெட்டிக்குள் இருந்தபடியே அது கெடும். முதலில் போவது டெகால் தாள், அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களும் எண்களும். வெள்ளை பழுப்பாகும்; பிறகு தண்ணீரில் போட்டதும் சில்லுச்சில்லாக உடையும். பழுப்பை மட்டும் போக்க ஒரு வழி உண்டு: தாளை நெகிழிப் பைக்குள் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். உடையும் நிலைக்குப் போய்விட்டால், மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு பூசி, அது பிடித்து நிறுத்துகிறதா என்று பார்க்கலாம்.

அதைவிட மோசமானது பழைய டாங்கி கிட்டுகளில் நடக்கும். வளையக்கூடிய வினைல் சங்கிலிப் பட்டையை, துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து ஒரே பையில் போட்டிருப்பார்கள். வினைலை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைத் தின்னும். பல வருஷம் கழித்துத் திறந்தால் டாங்கியின் பக்கவாட்டில் பட்டையின் பல் பதிந்து உருகிப் போயிருக்கும். கார் மாடல்களின் மென்மையான டயர்களும் சக்கர வளையத்தை இப்படி அரித்துவிடுவதுண்டு. கட்டப் போவதில்லை என்றாலும் இன்றே திறந்து, பட்டையையும் டயரையும் தனிப் பையில் போடுங்கள். கண்ணாடித்தாளைக் கிழிக்க அதுவே நல்ல சாக்கு.

சந்தையில் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கை இன்னொன்று. சில நேரம் ஏறும். நியூசிலாந்தில் சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நடத்திய விங்நட் விங்ஸ் நிறுவனம் முதல் உலகப் போர் விமானங்களை 32இல் ஒரு பங்கு அளவில் 2009 முதல் வெளியிட்டது. கிட்டும் அழகு, செய்முறைப் புத்தகமும் அழகு. 2020இல் மூடிவிட்டார்கள். கையிருப்பு வைத்திருந்தவர்களின் முகத்தில் மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக வந்தன. கிட்டுகளின் விலை எகிறியது. ஆனால் அவர்கள் வெளியிடவிருந்த ஃபோக்கர் மூவிறக்கை விமானம் பிறகு சீனாவின் மெங் நிறுவனத்தின் பெயரில் வந்துவிட்டது. அச்சு என்பது அவ்வளவு எளிதில் சாவதில்லை.

ஃப்ராக்கின் கதை இதைவிடக் கூத்து. 1970களில் அது மூடும் நிலைக்கு வந்தபோது அச்சுகளைச் சோவியத் ஒன்றியம் வாங்கிக்கொண்டு, நோவோ என்ற பெயரில் அதே விமானங்களை வெளிநாட்டுக்கும் விற்றது. ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை மட்டும் அவர்கள் சீந்தவில்லை. அவை ரெவெல் என்ற மாடல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாஜிகளோடு போரிட்டு வென்ற நாடு, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானப் பொம்மையை அச்சடிக்க மறுத்தது. ஒரே துண்டுகள், வேறு வேறு பெட்டிகள், வேறு வேறு நாடுகள். இனி கிடைக்காது என்று நீங்கள் பதறி வாங்கிய கிட் மூன்றாண்டில் புது அட்டையோடு கடைக்கு வருவதற்கும் இதுவே காரணம். இல்லையென்றால் அதைவிட நல்ல புது அச்சு வரும். டாமியாவின் 48இல் ஒரு பங்கு அளவு ஸ்பிட்ஃபயர் 1990களில் வந்தது. அருமையான கிட் என்று பலர் பத்திரப்படுத்தினார்கள். 2018இல் டாமியாவே அதே விமானத்தைப் புதிதாக அச்செடுத்து வெளியிட்டது. பழையது இன்றும் நல்ல கிட்தான், கட்டினால்.

கிட்டைக் கெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக மாடல் பிரிவினர் கிட்டுகளைக் குவியல் குவியலாக வாங்கி, டாங்கியின் இரும்புமூடி, ரேஸ் காரின் என்ஜின், போர்க்கப்பலின் பீரங்கி மேடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிய்த்து விண்கலங்களின் மேல் ஒட்டினார்கள். செய்முறைத் தாளை யாரும் பார்க்கவில்லை. படத்தில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தின் உடம்பில் எந்தத் துண்டு எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதே இன்று சிலருக்கு முழுநேர வேலை. அவர்கள் நாசமாக்கிய பாந்தர்களுக்காக யாரும் அழவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். இரண்டு பாதிகளாக வரும் விமான உடலை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக் கூடாது. நிப்பரால், இல்லையென்றால் நல்ல நகவெட்டியால், துண்டை விட்டுச் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். பாதிகளைச் சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய திரவப் பசையில் தோய்த்த தூரிகையின் நுனியால் இணைப்பை ஓரிடத்தில் தொடுங்கள். தொட்ட இடத்திலிருந்து பசை தானே கோட்டின் வழியாக ஓடும். இரண்டு பக்கமும் நனைந்து கருப்பாகித் தெரிவதைப் பார்க்கலாம். இது ஒட்டும் பசை அல்ல, பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். கால் நிமிடம் விட்டு லேசாக அழுத்தினால் இணைப்பில் உருகிய பிளாஸ்டிக் மயிரிழை போலப் பிதுங்கி நிற்கும். நல்லதுதான். ஒரு நாள் காயவிட்டு, 400, 800, 1000 என்று உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. அப்படியும் பள்ளம் இருந்தால் வீட்டுச் சுவருக்குப் பார்ப்பது போலப் பட்டி பார்த்துவிடலாம்.

பிதுங்கிய இடத்தை ஈரத்தோடு விரலால் துடைக்க மட்டும் கூடாது. துடைத்தால் உங்கள் கைரேகை அந்த இறக்கையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதுவும் உப்புத்தாளுக்குப் போகும்.

விமானியின் மேல்மூடிக் கண்ணாடிக்குச் சூப்பர் பசை வேண்டாம். அதன் ஆவியில் கண்ணாடி பனி மூடியது போலாகும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும். நிறம் பூச ஏர்பிரஷ் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். நீர்த்த பெயிண்டை அகலமான நல்ல தூரிகையால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று பூசினால் போதும். ஸ்பிரே டப்பா வைத்திருப்பவர்கள், கடலோர ஊர்களில் இருந்தால், ஈரக்காற்று வீசும் நாளில் அடிக்க வேண்டாம். பூச்சின் மேல் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். எந்தப் பெயிண்டாக இருந்தாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

டெகால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான மங்கல் பூச்சின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வட்டச் சின்னத்தைச் சுற்றி வெள்ளி மினுக்கும். பார்த்தவுடன் ஸ்டிக்கர் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிய பிறகு டெகாலை இளக்கும் திரவத்தை மேலே தடவினால் அது சுருங்கி, கந்தலாகி, எல்லாம் போச்சு என்று உங்களைக் கலங்க வைக்கும். கை வைக்காதீர்கள். சற்று நேரத்தில் தானே விரிந்து, தகட்டுக் கோட்டுக்குள் இறங்கிப் படிந்துவிடும். கடைசியாக மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு.

எதில் தொடங்குவது என்று கேட்பீர்கள். விங்நட் விங்ஸில் வேண்டாம். நூற்றுக்கணக்கான துண்டும் இரு இறக்கைகளுக்கு நடுவே கட்ட வேண்டிய கம்பிகளும் முதல் நாளிலேயே உங்களை மறுபடி கட்டிலடிக்கு அனுப்பிவிடும். பான்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வெளியிட்ட முதல் கண்டம் ரோபோ கிட்டைப் போல, தப்பினாலும் மனம் வலிக்காத விலையில் ஏதாவது உங்கள் குவியலில் இருக்கும். இன்றைய கண்டம் கிட்டுகளுக்குப் பசையும் வேண்டாம், நிறமும் துண்டிலேயே வந்துவிடும். அவற்றைக் கட்டும் பிள்ளைகள் மதியம் வாங்கியதை இரவுச் சாப்பாட்டுக்குள் நிற்க வைத்துவிடுகிறார்கள். பெரிய டாங்கிப் பிரியர்கள் அவர்களைப் பொம்மைக்காரர்கள் என்று ஏளனம் செய்வதுண்டு. முடித்த மாடல்களை எண்ணிப் பார்த்தால் ஏளனம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும்.

விமானப் பிரியர் என்றால் 72இல் ஒரு பங்கு அளவில், ஒற்றை என்ஜின் உள்ள போர் விமானம் ஒன்றை எடுங்கள். இரட்டை இறக்கை வேண்டாம், வெள்ளி நிற உலோகப் பளபளப்பும் வேண்டாம். அந்த நிறம் ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். கூடுதலாக வாங்கி வைத்த பித்தளைத் தகடுகளும் ரெசின் இருக்கைகளும் இந்த முறை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கண்ணாடித்தாளைக் கிழித்ததும் முதல் வேலை பசை இல்லை. அச்சிலிருந்து எளிதில் கழன்று வர அடித்த எண்ணெய்ப் பிசுக்கு துண்டுகளின் மேல் இருக்கலாம்; அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது. சட்டங்களை அப்படியே வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டுப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, அலசி, துணிமேல் காயப் போடுங்கள். சட்டத்திலிருந்து கழன்ற குட்டித் துண்டு எதுவும் சாக்கடைக்குள் போகாமலிருக்கக் குழாயடியில் ஒரு வடிதட்டு வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த பிறகு செய்முறைத் தாளை ஒருமுறை கடைசிவரை படித்துவிட்டு, விமானியின் இருக்கையிலிருந்து தொடங்குங்கள்; பெரும்பாலான தாள்களில் முதல் கட்டம் அதுதான்.

அன்புடன்,
இன்னொரு மாடல் பிரியர்